சாவா மூவாப் பேராடும் குருதிச் சான்றும்

கோயிலில் நந்தா விளக்கு எரிக்கத் தொண்ணூறு ஆடுகளை இடையர்பால் ஒப்படைத்த செய்தி சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றுள் காணப்படுகின்றது. அவ்வாடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. இறந்தவற்றிற்கும் முதிர்ந்தவற்றிற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, தொகை குறையாமல் காத்தலும், நாள்தோறும் பெரும்பாலும் உழக்கு நெய் அளத்தலும் இடையர் கடன். ஆமூர்க் கோட்டத்து மாமல்லபுரத்தைத் தன்னகத்தே கொண்ட தொண்டை மண்டலத்தும் இம்முறை வழங்கிற்று. தொகை மாறாமை இதனால் விளங்கும். மந்தையின் மரபியல்பும் மாறாதிருந்ததோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வினாவிற்குக் கல்வெட்டு விடை கூறாது; குருதியாராய்ச்சி ஓரளவு வழிகாட்டும். 1955-இல் ஆலிவர் சுமிதீசு என்பார், மாவுப்பசைக் கூழினூடே மின்னோட்டம் செலுத்திப் புரதங்களைப் பிரிக்கும் முறையை வகுத்தார். 1958-இல் ஆசுடன், மக்டூகல் என்னும் இருவர் மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் குருதிநீர்ப் புரத வேறுபாடுகளை வெளியிட்டனர். குருதியில் இரும்பினைச் சுமக்கும் டிரான்சுபெரின் வெள்ளாட்டின்கண் ஏ, பி என்னும் வடிவுகளில் காணப்படும். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றும் வருதலின், இரண்டும் பெற்ற ஆட்டில் இரண்டும் தோன்றும். ஆகவே, ஒரு மந்தையில் எவ்வடிவு எத்துணைப் பயின்றுள்ளது என எண்ணிக் கணக்கிடலாம்.

இனித் தொண்ணூறு ஆடுகளுக்கு மீள்வோம். சிறு மந்தையில் கிடாக்கள் சிலவே. வெளியாடு கலவாது, உள்ளே பிறந்த குட்டிகளாலேயே தொகை நிரப்பப்படின், அரிய வடிவுகள் தற்செயலாகவே அற்றுப்போகும். எண் குறையாமலே மரபு குறையும் என்க.

எனினும், இன்றைய ஆட்டின் குருதியைக் கொண்டு பண்டை வரலாற்றைத் துணிதல் எளிதன்று. செங்கற்பட்டு மாவட்டத்துக் காட்டுப்பாக்கத்தில், 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணையில் தலைச்சேரி ஆடுகள் வளர்க்கப்பட்டுள்ளன. அவை மலையாளக் கரையின் இனம்; அவற்றின் குருதி தொண்டை மண்டலத்துப் பழம் மந்தைகளுக்குச் சான்றாகாது. மேலும், குருதியிழப்பால் சோகையுற்ற வெள்ளாடு, ஈமோகுளோபின் ஏ வடிவிற்கு மாறாகச் சி வடிவினை ஆக்கும். நோயின் விளைவை மரபென மயங்கலாகாது. கல்வெட்டின் ‘ஆடு’ செம்மறியோ வெள்ளாடோ என்பதும் இடந்தோறும் ஆராய்தற்குரியது.

ஆகவே, சாவாமையும் மூவாமையும் எண்ணுக்கே உரியன. உயிர்மரபிற்கு உரியன அல்ல. கலப்பினப் பெருக்கத்தால் நாட்டு மந்தைகள் அருகிவரும் இந்நாளில், தலைகளை எண்ணுதலோடு அமையாது, குருதியின் வேறுபாட்டையும் பதிந்து வைத்தல் வேண்டும். கல்லில் எழுதப்பட்டவை எஞ்சி நிற்கின்றன; குருதியில் எழுதப்பட்டவை மந்தையோடு மறையும்.