எல்லைப்புற ஊர்களில் கணக்குக் கல்வி: மாகாணி முதல் பதின்மம் வரை

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இன்று கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தைச் சார்ந்தவை. பாறசாலையை அடுத்த களியக்காவிளை கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை இவ்வூர்கள் ஒரே ஆட்சிப் பரப்பில் அமைந்திருந்தன. ஆகவே இங்கு நிகழ்ந்த கணக்குக் கல்வியின் வரலாற்றை ஒரு மொழிக்குள் அடக்கிக் காண்பது பொருந்தாது.

தமிழர் திண்ணைப்பள்ளி என்றும் மலையாளிகள் எழுத்துக்களரி என்றும் வழங்கிய இடங்களில், ஆசானின் முன் மணலில் எழுதியும் ஒருசேர ஒப்பித்தும் மாணவர் கணக்குக் கற்றனர். அரை, கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்னும் கீழ்வாய் எண்கள் இரு மொழிக்கும் பொதுவானவை. இவை வெறும் மனனப் பாடம் அல்ல. திருவிதாங்கூரில் ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம், ஒரு சக்கரத்திற்கு 16 காசு. அரைக்கால் ரூபாய் மூன்றரைச் சக்கரம். மாகாணி ரூபாய் ஒன்றே முக்கால் சக்கரம். சந்தையில் நின்ற சிறுவனுக்கு இவ்வாய்பாடு அன்றாடத் தேவையாயிற்று.

1817இல் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என அரசி கௌரி பார்வதிபாய் ஆணையிட்டார். இலண்டன் மிஷன் பள்ளிகளும் பெருகின. அச்சுநூலும் கற்பலகையும் படிப்படியாக மணலின் இடத்தைப் பெற்றன. எனினும் கீழ்வாய் எண்கள் உடனே மறைந்துவிடவில்லை. பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு 16 அணா. ஓரணா என்பது மாகாணி ரூபாயே. எனவே சக்கரம் மறைந்த பின்னரும் மாகாணிக்குப் பொருள் இருந்தது.

1957 ஏப்ரல் 1இல் ரூபாய்க்கு 100 காசு என்னும் பதின்ம முறை நடைமுறைக்கு வந்தது. அதில் மாகாணி ரூபாய் 6.25 காசாகும், அதற்கென நாணயம் இல்லை. மீட்டர், கிலோகிராம் அளவைகளும் பரவியதால் பழைய பின்னங்கள் பயன்பாட்டை இழந்தன. கற்பித்தல் கோட்பாட்டினும் நாணயமும் அளவையுமே இம்மாற்றத்திற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

மாநிலப் பிரிவினை கலைச்சொற்களையும் பிரித்தது. கூட்டல், பெருக்கல், முக்கோணம் என்பன ஒருபுறமும், சங்கலனம், குணனம், திரிகோணம் என்பன மறுபுறமும் நிலைபெற்றன. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வரைவு, மனனத்தைவிடக் கணிதச் சிந்தனையை வலியுறுத்தியது. அச்சிந்தனைக்கு உதவும் உள்ளூர் மரபோ அதற்கு முன்பே வகுப்பறையை விட்டு நீங்கியிருந்தது.

ஒருங்குறியில் மலையாளப் பின்னக் குறிகள் பல 2016இலும் தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இலும் சேர்க்கப்பட்டன. குறிகள் காக்கப்பட்டன, அவற்றை வாய்விட்டுச் சொல்லிக் கணக்கிடத் தெரிந்த முதியோரின் வழக்கு இன்னும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. இரு மொழி ஆய்வாளரும் இணைந்து இவ்வெல்லையூர்களில் அதனைத் தொகுத்தல் காலத்தால் செய்யவேண்டிய பணியாகும்.