முள்ளுக்குப் போக மிச்சம்தான் குழாய்க்கு

"முதல் தடவையா ரிக்கார்டு பிளேயர் வாங்கப் போறேன். கையில இருபத்தஞ்சாயிரம்தான் இருக்கு. எதை வாங்கலாம்?" என்று பட்டணத்து நண்பர்கள் என்னிடம் கேட்பது இப்போ வழக்கமாகிவிட்டது. தென்னையில் காண்டாமிருக வண்டு விழுந்ததைப் பற்றிக் கேட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கு. இதை எதுக்கு விவசாயிகிட்ட கேட்கிறாங்க என்றால், எங்க சித்தப்பா மைக்செட் வச்சிருந்தவர். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே பாலாற்றங்கரை ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, கங்கையம்மன் திருவிழா எல்லாத்துக்கும் அவர் செட்டுதான் போகும். அவர் விட்டுப்போன தகரப்பெட்டி இன்னும் எங்க வீட்டுப் பரண் மேலே இருக்கு. அதில் எழுபது தட்டுக்கு மேல் தேறும்.

மாடல் பேரை நேரா சொல்லிட்டுப் போகலாம். ஆனா இந்தப் பக்கத்து ஜனங்க சொற்பக் காசில் எப்படிப் பாட்டு கேட்டாங்க என்று தெரிந்தால், எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்பது உங்களுக்கே விளங்கிடும்.

தட்டு என்பது ஆதியில் பிளாஸ்டிக் கிடையாது. அரக்கு. புரசு, இலந்தை மாதிரி மரக்கிளைகளில் அப்பிக்கொண்டு வாழும் பூச்சி கசிய விடுகிற பிசின் அது. அதைச் சுரண்டி, உருக்கிச் சுத்தம் செய்து, கல்மாவு கலந்து அழுத்தினால் நிமிஷத்துக்கு 78 சுற்று சுத்தற தட்டு. உலகத்துக்கே அரக்கு அதிகமாகப் போனது இந்தியாவிலிருந்துதான். 1902-ல் லண்டன் கிராமபோன் கம்பெனியிலிருந்து கெய்ஸ்பெர்க் என்பவர் கல்கத்தா வந்து கௌஹர் ஜான் முதலானவர்களைப் பாட வைத்துப் பதிவு செய்தார். பதிவு இங்கே, தட்டு அடிப்பது ஜெர்மனி ஹானோவரில். 1908-ல் கல்கத்தாவில் தொழிற்சாலை வரும் வரைக்கும் நம்ம காட்டுப் பூச்சியின் பிசின் கப்பலேறிப் போய், நம்ம பாட்டைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தது. எங்க பக்கத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் சீமைக்குப் போய் பூட்ஸ் ஆன மாதிரிதான்.

1930கள் ஆரம்பத்தில் சென்னையில் தட்டு வியாபாரம் சூடு பிடித்தது. பின்னாளில் ஏவிஎம் ஸ்டுடியோ கட்டிய மெய்யப்ப செட்டியாரே சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலமாக ஓடியன் தட்டு விற்றுத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தார். முழு நாடகத்தையே நாலஞ்சு தட்டாகப் பிரித்து நாடக செட் போட்டாங்க. நாடக மேடை ராஜா எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தபோது வயசு 27. தமிழில் பேசும்படம் வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் ஒன்றிலும் நடிக்கவில்லை. அவர் குரல் என்று இன்னைக்கு நமக்கு இருப்பது அந்த அரக்குத் தட்டுகளில் விழுந்தது மட்டும்தான். பரணில் கிடக்கிற தட்டைப் பழைய சாமானாகப் பார்க்காதீங்க என்று நான் சொல்வது இதனால்தான்.

சாவி கொடுக்கிற கிராமபோனில் முள் தட்டின் மேல் நூறு கிராமுக்கும் மேலான கனத்தோடு உட்காரும். தட்டில் கலந்த கல்மாவு அந்த இரும்பு முள்ளைத் தேய்க்கும். முதல் சில சுற்றிலேயே முள் முனை தேய்ந்து பள்ளத்தின் வடிவத்துக்கு வந்துவிடும். ஒரு பக்கம் மூணு நிமிஷம் ஓடி முடிந்ததும் அதை எறிந்துவிட வேண்டும். எறியாமல் அடுத்த பக்கத்துக்கும் ஓட்டினால் தேய்ந்த முனை உளியாகித் தட்டைச் செதுக்கும். நாய் படம் போட்ட சின்ன தகர டப்பியில் 200 முள் வரும். காசு மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டவங்க ஒரே முள்ளில் பத்து பக்கம் ஓட்டினாங்க. மிச்சமானது அரைக்காசு. போனது பாட்டு.

சித்தப்பா செட்டு வாங்கியது 60களின் ஆரம்பத்தில், நிலக்கடலை நல்லா விளைந்த ஒரு வருஷம். மூர் மார்க்கெட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். எங்க ஊருக்கு அப்போ கரண்ட் வரலை. அதனால் தட்டு சுத்தறதுக்கு சாவி மோட்டார். ஒலியை எடுக்க மட்டும் மின்சார பிக்கப். கார் பேட்டரியில் ஓடுகிற ஆம்ப்ளிபயர். புளியமரத்தில் ஏறிக் கட்டுகிற இரண்டு குழாய். மொத்த செட்டும் ஒரு மாட்டு வண்டியில் அடங்கும். ஒருத்தர் வீட்டுக்கு ஒரு ரேடியோகிராம் என்பதெல்லாம் எங்க பக்கம் பெரிய தோல் முதலாளிகள் பங்களாவில் மட்டும் இருந்த சமாசாரம். மற்ற ஜனங்களுக்கு முதல் ரிக்கார்டு பிளேயர் என்பது சொந்தமாக வாங்கியது இல்லை, ஒரு நாள் வாடகைக்கு எடுத்தது.

கரண்ட் இல்லாத கிராமத்துச் சாவி மோட்டார் உலக வியாபாரத்தையே கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கு. இங்கிலாந்தில் 1960-ஐ ஒட்டி 78 தட்டு அடிப்பது நின்று போச்சு. இங்கே டம்டம் தொழிற்சாலையில் 60களின் நடுவிலும் நிற்கவில்லை. பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட 78 தட்டில் அடித்தாங்க. இப்போ வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் அந்த இந்தியத் தட்டுகளைத் தேடி அலைகிறாங்க.

வாடகை விஷயத்தில் ஒன்று சொல்லணும். ஊர்த்தெருவில் எங்களைப் போல பயிர் வைக்கிறவங்க அறுப்பு முடிந்துதான் வாடகை தருவாங்க. பாதி கடலையாக, பாதி கடனாக. காலனியில் இருந்தவங்க தோல் ஷாப்பில் (எங்க பக்கம் பதனிடும் இடத்தை ஷாப் என்றுதான் சொல்வோம்) வேலை செய்தவங்க. வாரக் கூலி, ரொக்கம். அதனால் ரொக்கம் கொடுத்து செட்டு வைத்த முதல் கல்யாணம் காலனியில்தான் நடந்தது. அதுக்கு ஊரில் சில பெரியவங்க முறைத்தாங்க. அங்கே போன தட்டு இங்கே எதுக்கு என்றுகூட ஒருத்தர் கேட்டாராம். "தட்டுக்கு எந்தத் தெருன்னு தெரியாதுங்க, எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு சித்தப்பா வண்டியைக் கட்டினார். ஆறு மாசம் ஊர்த்தெருவில் யாரும் கூப்பிடவில்லை. செட்டு ஓடியது காலனியாலும், ஆம்பூர் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களாலும்தான். பெட்டியில் நாகூர் ஹனிபா தட்டும் கே.பி. சுந்தராம்பாள் தட்டும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருப்பதை இப்பவும் பார்க்கலாம்.

அந்தச் செட்டில் மட்டமான பாகம் எது என்றால் குழாய்தான். அதில் கீழ்ச் சுருதி எதுவும் வராது. தவிலின் தொப்பிப் பக்கம் காணாமலே போய்விடும். நாதஸ்வரமும் எட்டுக்கட்டைக் குரலும் மட்டும் அரை மைல் போகும். சித்தப்பாவுக்கு அது தெரியும். ஆனாலும் குழாய்க்கு ஒரு பைசா கூட்டிச் செலவழிக்கவில்லை. முள் டப்பியில் மட்டும் கை வைக்க விடமாட்டார். கல்யாணமே நின்றாலும் பழைய முள்ளில் தட்டு ஓடாது. மட்டமான குழாய் அன்னைக்கு ஒரு நாள் பாட்டைத்தான் கெடுக்கும், நாளைக்கு நல்ல குழாய் வாங்கிக்கலாம். மட்டமான முள் கெடுத்தது தட்டிலேயே நின்றுவிடும்.

இன்னொரு எதிரி எங்க வேலூர் வெயில். அந்தக் காலத்து பிக்கப்பில் ரோஷெல் உப்புப் படிகம் ஒன்று வைத்திருப்பாங்க. அது சூட்டையும் ஈரத்தையும் தாங்காது. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள் மூடிய பெட்டியில் இருந்தால் செத்துப்போகும். வருஷத்துக்கு ஒரு பிக்கப்பாவது பலி ஆகும்.

அப்புறம் 45 சுற்றுத் தட்டு, 33 சுற்று எல்.பி. இரண்டும் வந்தன. 'திருவிளையாடல்' (1965) கதை வசனத் தட்டு வந்த பிறகு பாட்டைவிட வசனத்தைத்தான் அதிகம் கேட்டாங்க. மாடு மேய்க்கிற பசங்களுக்கெல்லாம் நக்கீரர் வசனம் மனப்பாடம். 80களில் வளைகுடாவிலிருந்து டூ-இன்-ஒன் வந்திறங்கியது, கேசட் வந்தது, தட்டு பரணுக்குப் போனது.

இனி உங்க இருபத்தஞ்சாயிரத்துக்கு வருவோம். சூட்கேஸ் மாதிரி மடக்குகிற, ஸ்பீக்கரும் உள்ளேயே வைத்த பிளேயர் அழகாகத்தான் இருக்கு. என் அக்கா மகனும் அதைத்தான் காட்டினான். அதில் பெரும்பாலும் இருப்பது செராமிக் பிக்கப். தட்டின் மேல் அஞ்சாறு கிராம் அழுத்தும், அழுத்தத்தைக் குறைக்க வழி இருக்காது. நூறு கிராம் எங்கே, ஆறு கிராம் எங்கே என்று நினைக்கலாம். ஆனா எல்.பி. அரக்கு இல்லை, மெத்தென்ற வினைல். பள்ளமும் 78-ஐவிட ரொம்பக் குறுகல். எக்கோ கம்பெனி போட்ட இளையராஜா எல்.பி.யை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி அதில் ஓட்டுவது, பத்து பக்கத்துக்கு ஒரே முள் போட்ட கதைதான்.

காந்த வகை கார்ட்ரிட்ஜ் வச்ச பிளேயராகப் பாருங்க. எல்.பி.யும் 45-ம் மட்டும் போதும் என்றால் ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி60எக்ஸ் போதும். மூணு கிராம் பக்கம்தான் அழுத்தும், முள்ளைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம். காந்த கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்சாரம் ரொம்பச் சன்னமானது. தட்டு வெட்டும்போது கீழ்ச் சுருதியைக் குறைத்து மேல் சுருதியைத் தூக்கித்தான் வெட்டுவாங்க. அதைத் திருப்பிச் சரி செய்து ஒலியைப் பெருக்குவது போனோ பிரீ-ஆம்ப். நான் சொன்ன மாடலில் அது உள்ளேயே இருக்கு. இல்லாத பிளேயரைச் சாதாரண ஆம்ப்ளிபயரில் நேரா சொருகினால் கொசு பாடுற மாதிரி கேட்கும்; மிஷின் கெட்டுப்போச்சு என்று ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

ஸ்பீக்கருக்கு மிஞ்சின காசு போதும். ஆம்ப்ளிபயர் உள்ளேயே இருக்கிற சின்ன ஜோடி ஒன்று, அதுவும் இல்லையா, வீட்டில் கிடக்கிற பழைய மியூசிக் சிஸ்டத்தின் ஆக்ஸ் ஓட்டை. பிளேயர் இருக்கிற அதே பலகையில் மட்டும் ஸ்பீக்கரை வைக்காதீங்க, அதிர்வு முள்ளுக்குப் போகும்.

தாத்தா காலத்து 78 தட்டு வீட்டில் இருந்தால் கணக்கு மாறும். மேலே சொன்ன மாடலில் 78 வேகம் கிடையாது. வேகம் இருந்தாலும் எல்.பி. முள் அந்தப் பள்ளத்துக்கு ஆகாது. 78-க்கு கிட்டத்தட்ட தலைமுடி கனத்துக்கு முனை வேண்டும், எல்.பி. முள் அதில் மூணில் ஒரு பங்குதான். பள்ளத்தின் அடியில் போய் மண்ணைக் கிளறிக்கொண்டு ஓடும். கொஞ்சம் காசு சேர்த்து எல்பி120எக்ஸ் மாதிரி மூணு வேகமும் உள்ளதை வாங்கி, விஎம்95 வகையில் 78-க்கென்று வருகிற எஸ்பி முள்ளைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளுங்க. அந்த மாடல் பட்ஜெட்டைத் தாண்டும்தான். அக்கா மகனிடம் ஸ்பீக்கரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளச் சொல்லிட்டேன், அதுவரைக்கும் ஹெட்போன் ஆம்ப்ளிபயரில் கேட்கட்டும்.

"பெல்ட் டிரைவ்னு போட்டிருக்கே, ஆம்பூர்லயே நல்ல பெல்ட் கிடைக்குமே" என்று அவன் கிண்டல் பண்ணினான். அது ரப்பர் பெல்ட், இடுப்புல கட்டுறது இல்லை. ஆனா எங்க ஊர் சரக்கு ஒன்று நிஜமாகவே உதவும். தட்டுக்கு அடியில் போடுகிற கம்பளி விரிப்பு காத்து காஞ்ச நாளில் தட்டோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும், தூசியையும் இழுக்கும். ஷூ கம்பெனிகளில் கழிகிற தோல் துண்டில் வட்டமாக வெட்டிப் போட்டால் அந்தத் தொல்லை குறையும். எண்ணெய்ப் பதம் இல்லாத, சாயம் ஒட்டாத தோலாக, பழைய விரிப்பின் கனத்திலேயே எடுக்கணும். கனம் கூடினால் தட்டு உயர்ந்து முள் உட்காரும் கோணம் மாறிவிடும். விலை குறைந்த பிளேயரில் கையின் உயரத்தை ஏற்றி இறக்க முடியாது.

தட்டு கழுவுவதைப் பற்றியும் கேட்கிறாங்க. வினைலுக்கு விற்கிற சாராய வகைக் கரைசல் எதையும் அரக்குத் தட்டில் படவிடாதீங்க. அரக்கு அதில் கரைந்துவிடும், தச்சர்கள் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துத்தானே மெருகெண்ணெய் செய்கிறாங்க? ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணி, மெல்லிய துணி, நடுவில் இருக்கிற லேபிள் நனையாமல் துடைத்து நிழலில் நிமிர்த்தி வையுங்க. எங்க கிணற்றுத் தண்ணி அதுக்கும் உதவாது. தோல் கழிவு இறங்கி பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்பானதும், 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னதும் தனிக் கதை. அந்தத் தண்ணியில் கழுவின தட்டு காய்ந்ததும் பள்ளத்துக்குள் வெள்ளையாக உப்புப் பூக்குது. பேட்டரிக்கு ஊத்துகிற டிஸ்டில்டு வாட்டர் கேனை டிராக்டர் கொட்டகையிலிருந்து எடுத்து வந்துதான் பெட்டியில் இதுவரை பதினெட்டுத் தட்டு கழுவியிருக்கேன்.