இந்தியன் தாத்தாவும் என் சின்னத் தாத்தாவும்

கல்கத்தாவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வாழைப்பூவுக்கும் கறிவேப்பிலைக்கும் லேக் மார்க்கெட் இருக்கிறது. ஆனாலும் ஊர் ஞாபகம் எப்போது, எங்கிருந்து வரும் என்று சொல்ல முடிவதில்லை. போன மாதம் ஒரு கார் வடிவில் வந்தது.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் ஏதோ ப்ராஜெக்ட். எல்ஜின் ரோட்டில் இருக்கும் நேதாஜி பவனுக்குக் கூட்டிப் போனேன். சுபாஷ் சந்திர போஸ் வீட்டுக் காவலில் இருந்த வீடு. 1941 ஜனவரி 16ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு, ஜியாவுதீன் என்ற பெயரில் பத்தான் வேடம் போட்டுக்கொண்டு, இங்கிருந்துதான் தப்பினார். அண்ணன் மகன் சிசிர் போஸ் காரை ஓட்டி கோமோ ரயில் நிலையம்வரை கொண்டுபோய் விட்டார். பி.எல்.ஏ. 7169 என்ற எண்ணுள்ள அந்த வாண்டரர் காரைப் பழுதுபார்த்து அங்கேயே கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள்.

காரைப் பார்த்துக்கொண்டே மகள் கேட்டாள்: "அப்பா, இந்தியன் படத்துல வர்ற தாத்தா இவர்கூட இருந்தவர்தானே? அது உண்மைக் கதையா?"

"இல்லைம்மா, சினிமா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் தூக்கம் வரவில்லை. அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் படம். ஷங்கரின் 'இந்தியன்' 1996 மே மாதம், தமிழ்நாடே தேர்தல் பரபரப்பில் இருந்தபோது வந்தது. ஊழல்தான் அப்போது டீக்கடைவரை பேச்சு. கமலுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். சேனாபதி இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். சுதந்திர இந்தியாவில் லஞ்சம் கொடுக்க மறுத்ததால் தீக்காயம்பட்ட மகளைப் பறிகொடுக்கிறார். பிறகு லஞ்சம் வாங்குபவர்களை வர்மக்கலையால் மடக்கிக் கொல்கிறார். கடைசியில், லஞ்சம் வாங்கிக்கொண்டு பழுதான பேருந்துக்குச் சான்றிதழ் கொடுத்த சொந்த மகனையும் விடவில்லை. கதை உங்களுக்குத் தெரியும்.

ஏன் ஐ.என்.ஏ. வீரர்? காந்தி வழித் தியாகி ஒருவர் கையில் கத்தியைக் கொடுத்திருந்தால் நாம் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டோம் என்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு காரணம் வரலாற்றிலேயே இருக்கிறது. ஐ.என்.ஏ. வீரர் என்பவர், திரும்பிப் போக ராணுவம் இல்லாத ராணுவ வீரர்.

1943 ஜூலையில் போஸ் சிங்கப்பூர் வந்து பொறுப்பேற்றபின், போர்க்கைதிகள் மட்டுமல்ல, மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். துப்பாக்கியை அதற்கு முன் தொட்டே பார்க்காதவர்கள். சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி தலைமையில் ராணி ஜான்சி படை உருவானது. அதிலும் தோட்டத்துப் பெண்கள் ஏராளம். 1944இல் இம்பால் போரில் தோல்வி. 1945 மே மாதம் ரங்கூன் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஜப்பானியர் ஓடிவிட்ட நகரத்தில் கொள்ளை நடக்காமல் காத்து நின்றவர்கள், தமிழரான லோகநாதன் தலைமையில் இருந்த ஐ.என்.ஏ. படையினர்தான். பிறகு அவர்களும் கைதிகளானார்கள்.

பிடிபட்டவர்களை ஆங்கிலேயர் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். கறுப்பு என்றால் நேதாஜியின் தீவிர விசுவாசி. ராணுவத்திலிருந்து நீக்கம், சம்பளப் பாக்கியும் கிடையாது. இங்கே பாரக்பூருக்குப் பக்கத்தில் நீல்கஞ்சிலும், இப்போது வங்கதேசத்தில் இருக்கும் ஜிகர்காச்சாவிலும் முகாம்கள் இருந்தன.

1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர்மீதும் விசாரணை தொடங்கியது. நான் தினமும் ஆபீஸ் போகும் தர்மதலா வழியில்தான், நவம்பர் 21ஆம் தேதி, அவர்களை விடுவிக்கச் சொல்லி மாணவர்கள் ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் மறித்தது. சாலையிலேயே உட்கார்ந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ராமேஸ்வர் பானர்ஜி என்ற மாணவர் இறந்தார். அடுத்த இரண்டு நாளில் நகரமே கொந்தளித்தது. 1946 பிப்ரவரியில், கேப்டன் ரஷீத் அலிக்கு ஏழாண்டுத் தண்டனை கொடுத்தபோது மறுபடியும் அதே தெருக்கள். காங்கிரஸ் கொடி, முஸ்லிம் லீக் கொடி, செங்கொடி மூன்றும் ஒரே ஊர்வலத்தில். ஆறே மாதத்தில், ஆகஸ்ட் 16ஆம் தேதி, இதே ஊரில் இந்துவும் முஸ்லிமும் வெட்டிக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் அந்த பிப்ரவரியை நம்பவே முடிவதில்லை.

நாடு விடுதலையானது. ஆனால் ஐ.என்.ஏ. வீரர்களை இந்திய ராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. நேரு அரசும் அந்த முடிவை மாற்றவில்லை. தெருவில் உயிரைக் கொடுத்து விடுவிக்கப்பட்டவர்கள் சத்தமில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்படிப் போய்ச் சேர்ந்த ஒருவர் என் சின்னத் தாத்தா. என் தாத்தாவின் தம்பி. பரமக்குடிப் பக்கம் எங்கள் ஊர். மலாயாவில் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதப் போனவர் படையில் சேர்ந்து, ரங்கூனில் பிடிபட்டு, கப்பலில் கல்கத்தா வந்து, நீல்கஞ்சில் கிடந்துவிட்டு, ஊர் வந்தபோது கையில் ஒரு தகரக் குவளைதான் இருந்ததாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணைதான் அவர் இடம். யார் வந்தாலும் "ஜெய்ஹிந்த்" என்பார். பால்காரருக்கும்தான் :-)

1972இல் சுதந்திரத்தின் வெள்ளி விழாவை ஒட்டி மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியம் அறிவித்தது. ஐ.என்.ஏ. வீரர்களும் கேட்கலாம். ஆறு மாதம் சிறையில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். ஆவணம் இல்லையென்றால் உடன் சிறையிலிருந்தவர்களின் சான்று. சின்னத் தாத்தா மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் அலைந்து, பழைய தோழர்கள் இருவரைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்கினார். மனு போனது. ஒரு மேசையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த மேசைக்காரர் வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார். சின்னத் தாத்தா எழுந்து வந்துவிட்டார். "நாட்டுக்குப் போனதுக்கு நாட்டுக்காரனுக்கே காசு கொடுக்கணுமா?" என்று மட்டும் சொன்னாராம். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1976இல், ஓய்வூதிய உத்தரவு வந்தது. திண்ணையில் உட்கார்ந்து நாலு தடவை வாசித்தாராம். ஊரில் எல்லோரிடமும் காட்டினார். "பார்த்தியா, ஒத்தைப் பைசா கொடுக்கலை. அரசாங்கம் தானா குடுத்துச்சு." 1989இல் சாகும்வரை இதையே சொன்னார். நானே நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

1996இல் நான் மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். சின்னத் தாத்தா ஞாபகமாகத்தான் அவரை 'இந்தியன்' படத்துக்குக் கூட்டிப் போனேன். மகனைக் கொல்லும் கட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். படம் முடிந்து வந்தால் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"நான்தாண்டா கொடுத்தேன்" என்றார்.

அம்மாவின் மோதிரத்தை அடகு வைத்து நூற்றைம்பது ரூபாய். சித்தப்பாவுக்குத் தெரியாமல். "அவர் பிடிவாதத்துக்கு அவரே பட்டினி கிடக்கிறதா? வாத்தியார் சம்பளத்துல நான் எத்தனை பேருக்குச் சோறு போடுவேன்?" கொஞ்ச நேரம் கழித்து, "தெரிஞ்சிருந்தா அந்தத் தாத்தா மாதிரி என்னைக் கொன்னிருக்க மாட்டார். ஆனா அந்தப் பேப்பரைக் கிழிச்சிருப்பார்" என்றார். வீடுவரை வேறு எதுவும் பேசவில்லை.

அப்பா 2011இல் காலமானார். நான் இதைப் பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சேனாபதி போன்றவர்கள் நாட்டில் இருந்தார்கள் என்பது உண்மை. என் வீட்டுத் திண்ணையிலேயே ஒருவர் இருந்தார். ஆனால் அவர் யாரையும் கொல்லவில்லை. எழுந்து வந்தார், அவ்வளவுதான். எழுந்து வந்தவர் பதிமூன்று வருடம் சாப்பிட்டது, எழுந்து வர முடியாத ஒருவர் கொடுத்த காசில். படத்தில் கெட்டவர்கள் வேறு, நல்லவர்கள் வேறு. எங்கள் வீட்டில் இருவரும் ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். சிறைக்கே போகாத போலித் தியாகிகள் ஓய்வூதியம் வாங்கிய விவகாரம் மகாராஷ்டிராவில் பெரிதாக வெடித்து, 2005இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. தியாகத்துக்கு முத்திரை கேட்டால், முத்திரை வைத்திருப்பவன்தான் யார் தியாகி என்று முடிவு செய்வான். அப்பா வாங்கியது ஓய்வூதியத்தை அல்ல, அந்த முத்திரையை.

அந்த உத்தரவு நகல் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியது. ப்ராஜெக்டில் ஒட்ட மகள் அதைக் கேட்கிறாள். கொடுக்கப் போகிறேன். ஆனால் அதற்கு முன் அவளை உட்காரவைத்து முழுக்கதையையும் சொல்ல வேண்டும். சின்னத் தாத்தாவிடம் அப்பாவால் சொல்ல முடியாமல் போனதை நானாவது இவளிடம் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காகிதம் இருக்கும். அது எப்படி வந்தது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.