பீப்பாயும் பிழைப்பும்: நயாகரா சாகசங்கள் குறித்துச் சில குறிப்புகள்

நயாகராவில் பீப்பாய்க்குள் அமர்ந்து விழுந்தவர்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவர்களைப் பித்தர்களாகவோ வீரர்களாகவோ காட்டுகின்றன. இதை ஒரு பிழைப்பின் வரலாறாக வாசிப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

அருவியை முதலில் கேளிக்கைக் களமாக்கியவர்கள் விடுதி உரிமையாளர்களே. 1827 செப்டம்பரில் 'மிச்சிகன்' என்னும் பழங்கப்பலில் விலங்குகளை ஏற்றி அருவியில் விழச் செய்தனர், ஆயிரக்கணக்கானோர் கூடினர். 1829இல் சாம் பாட்ச் குதித்தார். 1859இல் பிளாண்டின் கயிற்றின்மேல் நடந்தார். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து புகழ்பெற்ற மேத்யூ வெப், 1883இல் அருவிக்குக் கீழுள்ள சுழல்நீரில் நீந்த முயன்று மாண்டார்.

மூன்றாண்டுகள் கழித்து அதே நீர்ப்பெருக்கைப் பீப்பாய்க்குள் இருந்தபடி கடந்தவர் கார்லைல் கிரகாம். அவர் தொழிலால் பீப்பாய் செய்பவர். மாவு, மீன், ஆணி, மது என அக்காலத்துச் சரக்குகள் பலவும் பீப்பாயில்தான் பயணம் செய்தன. உருண்டாலும் மோதினாலும் தாங்கும் கலம் அது. ஆகவே அவருடைய தேர்வு கிறுக்குத்தனம் அன்று, தொழிலறிவு.

ஆயினும் அருவியின் உச்சியிலிருந்தே பீப்பாயில் விழுந்து முதலில் உயிர்பிழைத்தவர் ஒரு பெண், ஆசிரியர், கணவரை இழந்தவர். ஆனி எட்சன் டெய்லர் 1901 அக்டோபர் 24 அன்று குதிரைலாட அருவியில் விழுந்தார். அன்று அவருக்கு 63 வயது நிறைந்தது. விளம்பரத்துக்காகச் சொன்ன வயது 43. இந்த இருபதாண்டுப் பொய்யை எள்ளி நகையாடுவோர், முதிய பெண்ணுக்கு அன்று என்ன வேலை கிடைத்திருக்கும் என்று கேட்பதில்லை. அரசு ஓய்வூதியம் பரவலாக இல்லாத காலம். எஞ்சியிருந்தது ஏழையர் விடுதி ஒன்றே. பக்கத்து நகரமான பஃபலோவில் பெருங்கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. கூட்டம் அருகிலேயே இருந்தது. அவர் போட்டது ஒரு கணக்கு.

கருவாலி மரமும் இரும்பு வளையங்களும் கொண்ட அப்பீப்பாயின் உட்புறத்தில் மெத்தை பொருத்தப்பட்டது. நிமிர்ந்து மிதப்பதற்காக அடியில் பட்டடைக்கல் வைக்கப்பட்டது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் கருவியால் உள்ளே காற்று நிரப்பினர். தலையில் ஒரு வெட்டுக்காயத்தோடு அவர் வெளியே வந்தார். வேறு எவரும் இதைச் செய்யக்கூடாது என்று எச்சரிக்கவும் செய்தார். ஆனால் எதிர்பார்த்த செல்வம் வரவில்லை. மேலாளர் பீப்பாயோடு ஓடிவிட, அதைத் தேடத் துப்பறிவாளர்களை அமர்த்தியே கைப்பணம் கரைந்தது. மாதிரிப் பீப்பாய் ஒன்றின் அருகே நின்று அஞ்சலட்டைகள் விற்றார். எந்த முடிவுக்கு அஞ்சிக் குதித்தாரோ அதுவே நேர்ந்தது: 1921இல் ஏழையர்க்கான மருத்துவ விடுதியில் இறந்தார்.

பின்வந்த ஆடவர்களின் கதை சுருக்கமானது. 1911இல் எஃகுப் பீப்பாயில் விழுந்த பாபி லீச், முழங்கால்களும் தாடையும் முறிந்து பல மாதம் மருத்துவமனையில் கிடந்தார். 1920இல் பிரிஸ்டல் நகர முடிதிருத்துநர் சார்லஸ் ஸ்டீபன்ஸ் பட்டடைக்கல்லைத் தம் காலிலேயே கட்டிக்கொண்டார். மோதியபோது கல் அடியைப் பிளந்துகொண்டு அவரையும் இழுத்துச் சென்றது. மிஞ்சியது வலக்கை மட்டும். அருவியின் உண்மையான ஆபத்து உயரத்தைவிட நீர்த்திரைக்குப் பின்னால் சிக்கிக்கொள்வதே என்பதை 1930இல் ஜார்ஜ் ஸ்டதாகிஸின் மரணம் காட்டிற்று: மோதலைத் தாங்கிய பீப்பாய் பல மணிநேரம் வெளிவராமையால் அவர் மூச்சடைத்து இறந்தார். உடன் சென்ற ஆமை பிழைத்தது. பொருளீட்டியவர் எனச் சொல்லத்தக்கவர் ழான் லூசியே; 1928இல் தாம் விழுந்த ரப்பர்ப் பந்தைத் துண்டுதுண்டாக விற்றார்.

மொழியியல் மாணவனாக இங்கே ஓர் இடைக்குறிப்பு. நாம் புகழ்ச்சியாக வழங்கும் 'சாகசம்' என்னும் சொல்லின் மூலமான வடமொழிச் 'சாஹஸம்', தருமசாத்திரங்களில் வன்முறைக் குற்றத்தைக் குறிக்கும் வழக்குத் தலைப்பு. நயாகராவின் சட்ட வரலாறோ இதற்கு நேரெதிர்த் திசையில் நகர்ந்தது. 1951 ஆகஸ்டில் டயர்க் குழாய்களைக் கட்டிச் செய்த கலத்தில் இளைய வில்லியம் ஹில் இறந்தபின், ஒண்டாரியோ மாகாண முதல்வர் லெஸ்லி ஃபிராஸ்ட் இத்தகைய முயற்சிகளைத் தடுக்க ஆணையிட்டார். கொண்டாடப்பட்ட செயல் குற்றமாயிற்று. கூட்டத்தை வரவழைத்துப் பயனடைந்தவையோ விடுதிகள்.

டெய்லர், நயாகரா ஃபால்ஸ் நகரின் ஓக்வுட் இடுகாட்டில் புதைக்கப்பட்டார். அங்கேதான் மேத்யூ வெப்பும் கிடக்கிறார்.