ஓய்வுநாள் வாசகமும் சமூக அறமும்: ஒரு வரலாற்று நோக்கு

பிரசங்கியார் முதலில் பொருளைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற திருவசனத்தைத் தேட வேண்டுமா, அல்லது நியமிக்கப்பட்ட வசனத்திற்கு முதலில் செவிகொடுத்து அது எப்பொருளைச் சுட்டுகிறதென்று ஆராய வேண்டுமா? அருளுரைக் கலையைக் கற்பிக்கும் வகுப்புகளில் அடிக்கடி எழும் இவ்வினாவுக்கு யூத ஜெப ஆலயம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தன் வழிபாட்டு முறையின் வாயிலாக விடையளித்துள்ளது. வாரந்தோறும் ஒழுங்காக வாசிக்கப்படும் தோரா பகுதியே அவ்விடை. அவ்வாசகம் புதிய காலத்தின் சமூகச் சிக்கல்களைச் சந்தித்த சில தருணங்களை ஆராய்வது நம் பிரசங்க பீடங்களுக்கும் பயன் தரும்.

1. வாசக முறையின் தோற்றம்

ஏழாம் மாதத்தின் முதல் நாளில் தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசித்ததையும், லேவியர் அதன் பொருளை ஜனங்களுக்கு விளங்கச் செய்ததையும் நெகேமியாவின் புத்தகம் எட்டாம் அதிகாரம் கூறுகிறது. வாசிப்பும் விளக்கமும் இணைந்தே செல்ல வேண்டும் என்னும் மரபின் வித்தை அங்கே காண்கிறோம். மோசேயின் ஆகமங்கள் ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயங்களில் வாசிக்கப்பட்டு வந்தன என்பதற்கு எருசலேம் ஆலோசனைச் சங்கத்தில் யாக்கோபு ஆற்றிய உரையே சான்று (அப். 15:21). பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் பவுலுக்குப் பேச வாய்ப்புக் கிடைத்ததும் நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசன ஆகமங்களும் வாசித்து முடிந்த பின்னரேயாம் (அப். 13:15).

பாலஸ்தீன யூதர் ஐந்து ஆகமங்களையும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் வாசித்து முடித்தனர். பாபிலோனியர் ஓராண்டிலேயே முடித்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற துதேலா ஊர் பென்யமீன் என்னும் பயணி, ஒரே நகரில் இருந்த இரு ஜெப ஆலயங்களுள் ஒன்று ஓராண்டு முறையையும் மற்றொன்று மூன்றாண்டு முறையையும் பின்பற்றியதைக் குறித்துள்ளார். நாளடைவில் ஓராண்டு முறையே எங்கும் நிலைபெற்றது. அம்முறையில் தோரா 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

இவ்வொழுங்கின் உட்பொருள் கவனிக்கத்தக்கது. இவ்வாரம் எதை வாசிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் போதகருக்கும் இல்லை, சபையின் செல்வருக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை. இனிய பகுதி வருவதுபோலவே இடறலான பகுதியும் தன் வாரத்தில் தவறாமல் வந்து நிற்கும்.

2. 1861: அடிமைத்தனமும் பிரசங்க பீடமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகள் பிளவுபடும் தறுவாயில் இருந்தபோது, ஜனாதிபதி புக்கானன் 1861 ஜனவரி 4ஆம் நாளைத் தேசிய உபவாச நாளாக அறிவித்தார். அன்று நியூயார்க் நகரின் பினை யெஷுருன் ஜெப ஆலயத்தில் ரபி மோரிஸ் ராஃபால் அடிமைத்தனம் பற்றித் திருமறை கூறுவது யாது என்பதைப் பொருளாகக் கொண்டு உரையாற்றினார். நோவா கூறிய சாபத்தையும், பத்தாம் கற்பனையில் பிறனுடைய வேலைக்காரனும் வேலைக்காரியும் அவனுடைய உடைமைகளோடு சேர்த்துக் கூறப்படுவதையும் எடுத்துக்காட்டி, அடிமைத்தனம் திருமறையால் பாவமென்று விலக்கப்படவில்லை என வாதித்தார். தென்மாநிலங்களில் அடிமை ஒரு பொருளாக நடத்தப்படுகிறான், திருமறையிலோ அவன் உரிமையுள்ள ஓர் ஆள் என்னும் வேறுபாட்டையும் அவர் கூறாமல் விடவில்லை. ஆயினும் அடிமை முறையின் ஆதரவாளர்கள் அவருடைய முதற்கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவ்வுரையைப் பெரிதும் பரப்பினர்.

பால்டிமோரிலிருந்து ரபி டேவிட் ஐன்ஹார்ன், 'சினாய்' என்னும் தம் ஜெர்மானிய மொழி மாத இதழில் மறுப்பு எழுதினார். பலதார மணத்தையும் இரத்தப்பழி வாங்குதலையும் போலவே அடிமை முறையும் பண்டை உலகில் வேரூன்றியிருந்தது. திருமறை அதைச் சகித்துக் கட்டுப்படுத்தியதேயன்றி நன்மையென்று போற்றவில்லை. மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டான் என்பதே அதன் அடிப்படைச் சத்தியம் என்பது அவர் வாதம். மேரிலாந்து அடிமை முறை நிலவிய மாநிலம். 1861 ஏப்ரலில் பால்டிமோரில் கலவரம் மூண்டபோது ஐன்ஹார்ன் குடும்பத்தோடு பிலதெல்பியாவுக்கு வெளியேற நேர்ந்தது.

இங்கே நாட்காட்டி காட்டும் ஓர் உண்மை சிந்தனைக்குரியது. 1861 ஜனவரி 4 வெள்ளிக்கிழமை. மறுநாள் ஓய்வுநாளுக்குரிய வாசகம் 'ஷெமோத்', அதாவது யாத்திராகமத்தின் தொடக்கம் (யாத். 1:1–6:1). பார்வோனுடைய ஆளோட்டிகள், செங்கல் வேலை, ஒடுக்கப்பட்டோரின் கூக்குரல், அக்கூக்குரலைக் கேட்டு இறங்கிவரும் ஆண்டவர் என இவையே அப்பகுதியின் பொருள். உபவாச நாளின் உரைக்குப் பிரசங்கியார் தாமே வசனங்களைத் தெரிந்தெடுத்தார். ஒரு நாள் கழித்து, எவரும் தெரிந்தெடுக்காத வாசகம் ஜெப ஆலயங்களில் ஒலித்தது. முந்திய நாள் பொறுக்கியெடுத்த வசனங்கள் சொல்லாமல் விட்டதை வாரவாசகம் சொல்லிற்று.

3. மருத்துவச்சிகள் யார்?

இதே 'ஷெமோத்' பகுதி இருபதாம் நூற்றாண்டில் மற்றொரு வகையில் பேசிற்று. 1905இல் ரீகா நகரில் பிறந்து, ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்று, 1930இல் பாலஸ்தீனத்தில் குடியேறிய நெஹாமா லைபோவிட்ஸ் என்னும் அம்மையார், 1942 முதல் வாரவாசகம் குறித்த வினாத்தாள்களை எழுதலானார். கூட்டுப் பண்ணைகளிலிருந்து பயிற்சிக்கு வந்த பெண்கள் சிலர், ஊர் திரும்பிய பின்னரும் படிப்பைத் தொடர விரும்பியதே இதன் தொடக்கம். வினாத்தாள்கள் அஞ்சலிற் செல்லும். தொழிலாளரும் போர்வீரரும் இல்லத்தரசியரும் விடையெழுதி அனுப்புவர். அம்மையார் அவற்றைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புவார். இப்பணி 1971 வரை நடைபெற்றது. 1956இல் இஸ்ரவேல் அரசின் உயரிய பரிசைப் பெற்ற அவர், தம் கல்லறையில் 'ஆசிரியை' என்னும் சொல்லே போதுமென விரும்பினார். 1997இல் அவர் காலமானார்.

சிப்பிராள், பூவாள் என்போர் எபிரெயப் பெண்களா, எபிரெயருக்கு மருத்துவம் பார்த்த எகிப்தியப் பெண்களா என்பது பழைய விரிவுரையாளரிடையே நிலவிய வினா. மூலமொழித் தொடர் இரு பொருளுக்கும் இடந்தருகிறது. அவர்கள் எகிப்தியரெனக் கொள்வோமானால் அப்பகுதி எத்தகைய அறத்தைப் போதிக்கிறது என்பதை லைபோவிட்ஸ் அம்மையார் சுட்டிக்காட்டினார். கொடுமை அரசாணையாக வந்தபோதும் தனிமனிதர் அதற்கு இணங்க மறுக்கலாம். நன்மையும் தீமையும் இனத்தைப் பொறுத்தவையல்ல. மேலும், 'தேவனுக்குப் பயப்படுதல்' என்னும் சொற்றொடர் திருமறையில் வரும் இடங்களை ஒப்புநோக்கி, அந்நியனையும் எளியவனையும் ஒருவன் எவ்வாறு நடத்துகிறான் என்பதே அப்பயத்தின் உரைகல் என அவர் காட்டினார். ஐரோப்பாவில் தம் இனத்தார் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்ட தலைமுறைக்கு, பகைவரின் இனத்திலும் தேவபயமுள்ளோர் உண்டெனக் கற்பிப்பது எளிதன்று.

4. 1953: தீனாளின் சகோதரர்

அம்மையாரின் தமையனார் யெஷயாஹு லைபோவிட்ஸ் விஞ்ஞானி, தத்துவ அறிஞர். 1953 அக்டோபரில் யெஹூத் என்னும் ஊரில் யூதத் தாய் ஒருத்தியும் அவளுடைய இரு குழந்தைகளும் எல்லை தாண்டி வந்தோரால் கொல்லப்பட்டனர். அதற்குப் பதிலடியாக இஸ்ரவேல் படையினர் கிபியா என்னும் அரபுச் சிற்றூரைத் தாக்கினர். ஏறக்குறைய 69 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் பெண்களும் சிறுவரும் ஆவர். இதைக் குறித்து லைபோவிட்ஸ் எழுதிய கட்டுரையில் ஆதியாகமம் 34ஆம் அதிகாரத்தைத் தம் நாட்டாருக்கு முன் நிறுத்தினார். தீனாளுக்கு நேர்ந்தது கொடிய அநியாயம். சிமியோனும் லேவியும் எழுப்பிய கேள்விக்கு யாக்கோபு அங்கே மறுமொழி கூறவில்லை. நியாயமான காரணம் அவர்களுக்கு இருந்தது. ஆயினும் மரணப் படுக்கையில் தந்தை அவர்களுடைய கோபத்தைச் சபித்தார் (ஆதி. 49:5–7). தக்க காரணம் இருந்தும் ஒரு செயல் சபிக்கப்பட்டதாக இருக்கலாம் என்பதே அவர் எடுத்துக்காட்டிய பாடம்.

34ஆம் அதிகாரம் 'வயிஷ்லாஹ்' பகுதியிலும், 49ஆம் அதிகாரம் நான்கு வாரங்களுக்குப் பின் வரும் 'வயெஹி' பகுதியிலும் அமைந்துள்ளன. முதற்பகுதியோடு நின்றுவிடுகிறவன் சகோதரரின் கேள்வியையே முடிவுரையாகக் கொள்வான். தொடர்ந்து வாசிக்கும் சபையே தந்தையின் தீர்ப்பைக் கேட்கும்.

5. நமக்குரிய பாடம்

நியமிக்கப்பட்ட வாசகம் இருப்பதனாலேயே நீதி பிறந்துவிடும் என்று நாம் கூறவில்லை. அதே தோராவைக் கையிலேந்தியவர்களே ராஃபாலும் ஐன்ஹார்னும். ஆயினும் இவ்வரலாற்றில் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. வசனத்தைப் பிறர்மேல் எறிவதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும், அது தன் சொந்தச் சபையையும் சொந்த நாட்டையும் நியாயந்தீர்க்க இடங்கொடுப்பதற்கு முழு வாசகமும் வேண்டும், துணிவும் வேண்டும்.

நம் வாசக அட்டவணைகளும் ஆய்வுக்குரியவையே. பல திருச்சபைகள் பயன்படுத்தும் 1992ஆம் ஆண்டின் திருத்திய பொது வாசக அட்டவணையில் மருத்துவச்சிகளின் வரலாறு இடம்பெற்றுள்ளது. தீனாளின் வரலாறு இடம்பெறவில்லை. நாம் எதை வாசிக்கிறோம் என்பதைப்போலவே எதைத் தாண்டிச் செல்கிறோம் என்பதும் நம்மைக் காட்டிக்கொடுக்கும்.

இதை எழுதுகிற நானும் இக்குற்றத்திற்கு நீங்கலானவன் அல்லேன். ஆயர் பணியின் முதலாண்டில், கூலிக்காரனின் கூலியைப் பொழுதுபோகுமுன்னே கொடுக்க வேண்டுமெனக் கட்டளையிடும் உபாகமம் 24ஆம் அதிகாரம் ஒரு ஞாயிறன்று வாசகமாக வந்தது. அறுவடைக் கூலியை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்த ஒருவர் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். அவருடைய கூலியாட்கள் பின்வரிசையில் தரையில் அமர்ந்திருந்தனர். நான் அப்பகுதியை விடுத்து ஒரு சங்கீதத்தை வாசித்தேன். எவரும் அதைக் குறித்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று வாசிக்காத அவ்வசனம் இன்றளவும் என்னை விடவில்லை.

இறையியல் மாணவர்களே, நீங்கள் ஏறப்போகும் பீடங்களிலும் அத்தகைய ஞாயிறு ஒன்று வரும். அன்று அட்டவணையில் உள்ள பகுதியைத் திறந்து, முதலில் உங்களுக்கென்றும் பின்பு சபைக்கென்றும், ஒரு வரியும் விடாமல் வாசியுங்கள்.