எஞ்சினைச் சுமந்த சைக்கிள்கள்

1896 ஜூன் 1. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரின் பந்தயத் தடம் ஒன்றில் 72 வயது சில்வெஸ்டர் ரோப்பர் தம் நீராவி சைக்கிளை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கொலம்பியா சைக்கிளின் ஃபிரேமுக்குள் கொதிகலனையும் எஞ்சினையும் நுழைத்துக் கட்டிய வண்டி அது. பந்தய மிதிவண்டி வீரர்களைப் பின்னுக்குத் தள்ளி, மணிக்கு 60 கிலோமீட்டரையும் தாண்டினார். திடீரென்று முன்சக்கரம் தள்ளாடியது, கீழே விழுந்தார், உயிர் போய்விட்டது. இதயம் நின்றதே காரணம் என்றார்கள் மருத்துவர்கள். விழுந்ததால் நின்றதா, நின்றதால் விழுந்தாரா என்று இன்றும் வாதம் நடக்கிறது.

எப்படியானாலும், அந்தத் தள்ளாட்டம் ஒரு நீண்ட தலைவலியின் தொடக்கம். எஞ்சின் செய்யத் தெரிந்தவர்கள் சீக்கிரமே கிடைத்துவிட்டார்கள். அதைத் தாங்கும் சைக்கிளைத்தான் அரை நூற்றாண்டு தேட வேண்டியிருந்தது.

கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். ஒருவர் விடாமல் மிதித்தால் கால்கள் தரும் சக்தி ஏறத்தாழ 100 வாட். அக்காலத்தின் சிறிய ஒன்றரைக் குதிரைத்திறன் எஞ்சினே 1,100 வாட் தரும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். போதாக்குறைக்கு, ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் ஃபிரேமை உலுக்கும். நட்டு கழலும், பற்றவைத்த மூட்டு விரியும், ஸ்போக்ஸ் கம்பி ஒவ்வொன்றாக அறும்.

பாரிஸில் குடியேறியிருந்த ரஷ்யச் சகோதரர்கள் மிஷேல் வெர்னரும் யூஜின் வெர்னரும் 1897இல் எஞ்சினை முன்சக்கரத்துக்கு மேலே ஏற்றி, தோல் பெல்ட்டால் அந்தச் சக்கரத்தையே சுழற்றினார்கள். பார்க்க எளிமை, விற்பனையும் நடந்தது. ஆனால் பாரம் முழுக்க ஹேண்டில் பக்கம். மழையில் நனைந்த தெருவில் வண்டி பக்கவாட்டில் வழுக்கும். விழுந்தால் எஞ்சினைப் பற்றவைக்கும் விளக்கின் தீ வண்டியையே பிடித்துக்கொள்ளும். 1901இல் அவர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். சைக்கிள் ஃபிரேமில் பெடல் அச்சு இருக்கும் அடிப்பகுதியை வெட்டி எறிந்து, அந்த இடத்தில் எஞ்சினையே செங்குத்தாக உட்காரவைத்தார்கள். பாரம் தாழ்ந்து, இரு சக்கரங்களுக்கும் நடுவில் வந்து நின்றது. இன்றைய மோட்டார் சைக்கிள்களிலும் எஞ்சின் உட்காரும் இடம் அதுதான்.

அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வரவில்லை. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரிலிருந்த மினெர்வா நிறுவனம், சைக்கிளின் சாய்ந்த முன்குழாயில் மாட்டிவிடும் எஞ்சின்களை விற்றது. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு 1901இலும், டிரையம்ப் 1902இலும் செய்த முதல் மோட்டார் சைக்கிள்களில் துடித்தவை இந்த மினெர்வா எஞ்சின்கள்தான். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆஸ்கர் ஹெட்ஸ்ட்ராம் 1901இல் இந்தியன் வண்டியை உருவாக்கியபோது, மழையில் வழுக்கும் தோல் பெல்ட்டை ஒதுக்கிவிட்டு செயினைப் போட்டார். 1903இல் மில்வாக்கி நகரத்து ஹார்லியும் டேவிட்சன்களும் ஓட்டிப் பார்த்த முதல் வண்டி, மிதிக்காமல் மேடு ஏற மறுத்தது. பெரிய எஞ்சினுக்குப் போனபோது சைக்கிள் ஃபிரேமையும் கைகழுவி, எஞ்சினைச் சுற்றி வளையும் தடித்த ஃபிரேமுக்கு மாறினார்கள்.

அத்தோடு பாடம் முடிந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் அதை மறுபடியும் முதலிலிருந்து நடத்தியது.

1946, ஜப்பானின் ஹமமாட்சு. ரயில்களில் கால்வைக்க இடமில்லை, பெட்ரோல் ரேஷனில். ராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறிய ஜெனரேட்டர் எஞ்சின்கள் கேட்பாரற்றுக் கிடந்ததை சோய்சிரோ ஹோண்டா கண்டார்; சைக்கிளில் பூட்டினார். முதல் வண்டிக்குப் பெட்ரோல் டேங்க், குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் குடுவை! எஞ்சினை முன்னால் வைத்து, ரப்பர் உருளை டயரைத் தேய்த்துச் சுழற்றும்படி முதலில் அமைத்துப் பார்த்தார். போர்க்காலத்து மட்டமான டயர்கள் அந்தத் தேய்ப்புக்குத் தாங்காமல் வெடித்தன. உடனே எஞ்சினை ஃபிரேமுக்குள் இறக்கி, பெல்ட்டால் பின்சக்கரத்தைச் சுழற்றினார். கையில் கிடைத்த எஞ்சின்கள் சுமார் 500. அவை தீர்ந்ததும் 1947இல் சொந்த எஞ்சின் பிறந்தது. அது எழுப்பிய சத்தத்தால் ஊரார் வைத்த பெயர் 'பட்ட பட்ட'. 1949இல் வந்த டிரீம் வண்டியில் சைக்கிள் குழாய்களே இல்லை. தகட்டை அழுத்தி வடித்த ஃபிரேம். ஆனால் ஆசை விடவில்லை: 1952இல் கப் என்ற துணை எஞ்சினைச் செய்து, நாடெங்கும் 50,000க்கும் மேற்பட்ட சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் போட்டு விற்றது ஹோண்டாவின் நிறுவனம்.

அதே காலத்தில் பிரான்ஸின் வேலோசோலெக்ஸ் இன்னொரு வழியைப் பிடித்தது. எஞ்சினைத் தனியாக விற்காமல், அதற்கென்றே செய்த வண்டியோடு சேர்த்தே விற்றது. வாங்குபவரின் பழைய சைக்கிள் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறதோ என்ற கவலை அதற்கு இல்லை. புத்திசாலித்தனமான முடிவு. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50யும் இந்த வம்சம்தான்: பெடல் இருந்தது, ஆனால் இரண்டு பேரைச் சுமக்கவென்றே செய்த உடம்பு.

சைக்கிளில் மாட்டப் பெட்டியில் வரும் எஞ்சின் கிட்டுகள் இன்றும் ஓயவில்லை. பல கிட்டுகளில் பின் பல்சக்கரத்தை ரப்பர் வளையங்களுக்கு நடுவே வைத்து, ஒன்பது போல்ட்டுகளால் ஸ்போக்ஸ் கம்பிகளோடு இறுக்கச் சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் அந்த ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹப்பையே கவ்விப் பிடிக்கும் இரும்புப் பூட்டை வாங்குகிறார்கள். சாதாரணக் கம்பிகளைக் கழற்றிவிட்டு தடித்த 12 கேஜ் கம்பி கோத்துக் கோட்டம் எடுக்கிறார்கள். பிரேக்கை முன்னும் பின்னும் மாற்றுகிறார்கள். எஞ்சின் பெட்டியைப் பிரிப்பது அதற்கப்புறம்தான்.