நோயாளியான தாதி

வைத்தியசாலைகளின் சரித்திரத்தை எழுத முற்படுவோர் பெரும்பாலும் வைத்தியர்களின் சரித்திரத்தையே எழுதி முடிக்கின்றனர். மருந்தைக் கண்டவர் இன்னார், கத்தி பிடித்தவர் இன்னார், கட்டடத்திற்குப் பொருளுதவிய பிரபு இன்னார் என்று அவர்தம் பட்டியல் நீளும். இரவில் விளக்கேந்திக் கட்டிலுக்குக் கட்டில் நடந்த தாதியின் பெயர் அப்பட்டியலில் அருமையாகவே காணப்படும். காணப்பட்டாலும், பிறர்க்குத் தொண்டு செய்தவள் என்ற அளவோடு நின்றுவிடுமேயன்றி, அவளே நோயுற்று வீழ்ந்தபோது அவளுக்கு யார் என்ன செய்தனர் என்ற வினாவை எழுப்புவார் இலர். அவ்வினாவுக்கு விடையளிக்கும் வரலாறு ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1862-ஆம் ஆண்டின் கடைசியிலும் 1863-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் நிகழ்ந்தது. ஒரே வைத்தியசாலையில், ஒரே காலத்தில், ஒரே நோயால் இரண்டு தாதியர் படுக்கையில் வீழ்ந்தனர். ஒருவர் மாண்டார், மற்றவர் பிழைத்தார்.

பிழைத்தவர் லூயிஸா மே ஆல்காட் அம்மையார். 'லிட்டில் விமன்' என்ற நாவலை 1868-இல் வெளியிட்டு உலகப் புகழ் எய்தியவர் இவரே. ஆங்கிலப் பள்ளிகளிற் பயின்ற நம் பெண்களில் பலர் அந்நூலைப் படித்திருப்பர். சென்னையில் பஞ்சமர் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வைத்த கர்னல் ஆல்காட் வேறு, இவர் வேறு. பெயரொலி ஒன்றாயிருத்தலின் இதனைச் சொல்ல நேர்ந்தது. எனினும் இவர் குடும்பமும் சீர்திருத்தத்திற்கு அந்நியமானதன்று. தந்தையார் பிரான்சன் ஆல்காட் பாஸ்டன் நகரில் நடத்திய பள்ளியில் கறுப்பினச் சிறுமி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார். மற்றப் பெற்றோர்கள் ஆத்திரமுற்று, அவளை நீக்கினாலன்றித் தம் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்றனர். அவர் நீக்க மறுத்தார், பள்ளி மூடப்பட்டது, குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. அத்தகைய வீட்டில் வளர்ந்த பெண், அடிமை முறையைக் காரணமாகக் கொண்டு வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் 1861-இல் பொருதத் தொடங்கியபோது, தான் ஆணாய்ப் பிறந்து துப்பாக்கி ஏந்தவில்லையே என ஏங்கியதில் வியப்பில்லை. முப்பது வயது நிரம்பியவுடன் தாதியாகச் செல்ல முன்வந்தார்.

அக்காலத்தில் அந்நாட்டில் தாதியருக்கென்று முறையான பயிற்சிப் பள்ளி இல்லை. இராணுவத் தாதியருக்குத் தலைவியாய் நியமிக்கப் பெற்ற டொரோதியா டிக்ஸ் அம்மையார் வகுத்த தகுதிகள் யாவை எனின், வயது முதிர்ந்திருத்தல் வேண்டும். தோற்றம் எளிமையாய் இருத்தல் வேண்டும். உடை பழுப்பு அல்லது கறுப்பு நிறமாய் இருத்தல் வேண்டும். நகையும் சுருட்டிய கூந்தலும் கூடா. இளம்பெண்கள் ஆடவரின் கட்டிலருகே நிற்பதைச் சமூகம் இழிவாய்ப் பேசும் என்ற அச்சமே இவ்விதிகளின் வேர். நம்மவரிடையேயும் அந்நியர் உடலைத் தொடும் தொழிலென்று தாதித் தொழிலை ஏளனம் செய்து, படித்த பெண்களை அதற்கு அனுப்பத் தயங்கிய காலம் ஒன்று இருந்ததன்றோ? கூலி நாளொன்றுக்கு 40 சென்ட்டும் உணவும். 1920-களின் கடைசியில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் நம் பெண்ணாட்களுக்கு விதிக்கப்பட்ட நியமக் கூலியும் நாளொன்றுக்கு 40 காசே. நாணயம் வேறு, காலம் வேறு. ஆயினும் பெண்ணுழைப்புக்கு விலை போடுவோர் எங்கும் ஒரே கணக்கைப் படித்தவர்கள் போலும்.

1862 டிசம்பர் நடுவில் ஆல்காட் அம்மையார் சென்று சேர்ந்த இடம் வாஷிங்டனை அடுத்த ஜார்ஜ்டவுனிலிருந்த யூனியன் ஹோட்டல் ஆஸ்பத்திரி. பெயரே உண்மையைச் சொல்லிவிடுகிறது. அது பழைய விடுதி. குறுகிய நடைகள், சிறிய அறைகள், காற்றுக்கு இடந்தராத ஜன்னல்கள். நடனமாடிய கூடத்தில் கட்டில்களைப் பரப்பி வைத்தியசாலை என்று பெயரிட்டிருந்தனர். போர்க்காலச் சுகாதாரக் குழுவினர் 1861-லேயே அக்கட்டடத்தைச் சோதித்து, குளிக்க வசதியில்லை, கழிப்பிடங்கள் போதா, உள்ளவையும் பழுதானவை என்று எழுதிக் கொடுத்திருந்தனர். அறிக்கை கோப்பில் உறங்கியது.

டிசம்பர் 13-ஆம் நாள் பிரெடரிக்ஸ்பர்க் என்னுமிடத்தில் வட மாநிலப் படை பெருந்தோல்வியுற்றது. சில நாட்களில் காயமுற்ற வீரர்கள் வண்டி வண்டியாய் வந்து குவிந்தனர். வந்த முதல் விடியலிலேயே ஒரு மனிதன் சாவதைக் கண்ட புதிய தாதி, அதன்பின் கைகால் இழந்தோரைக் கழுவினார், உணவூட்டினார், எழுதத் தெரியாதவருக்கும் எழுதக் கையில்லாதவருக்கும் வீட்டுக் கடிதங்கள் எழுதினார். ஒவ்வொரு காலையும் அவர் முதலிற் செய்தது, நோயாளிகள் குளிரால் முணுமுணுத்தாலும் பொருட்படுத்தாது ஜன்னல்களைத் திறந்துவிட்டதாகும். அங்கிருந்த காற்று கொள்ளை நோயை வளர்க்கக்கூடியது என்பதை அவர் உணர்ந்திருந்தார். கிருமிக் கொள்கை நிலைபெறாத நாளில், பயிற்சியில்லாத ஒரு பெண் தன் மூக்கின் துணைகொண்டு அறிந்தது அது.

இங்கே மாண்ட தாதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் ஹன்னா ரோப்ஸ் அம்மையார், ஐம்பது வயது கடந்தவர், அவ்வைத்தியசாலையின் மேட்ரன். நோயாளிகளின் உணவைச் சுரண்டித் தின்ற ஸ்டூவர்டு ஒருவன் அங்கே இருந்தான். அவன் ஒரு நோயாளிச் சிப்பாயைக் கட்டடத்தின் அடியிலுள்ள இருட்டறையில் அடைத்து வைத்தான். மேட்ரன் அம்மையார் வைத்திய அதிகாரிகளிடம் முறையிட்டுப் பயன் காணவில்லை. அவர் ஓய்ந்துவிடவில்லை. அதிகாரப் படிகளையெல்லாம் தாண்டி, யுத்த மந்திரி ஸ்டான்டனையே நேரில் கண்டு சொன்னார். மந்திரி உடனே அதிகாரியை அனுப்பிச் சிப்பாயை விடுவித்து, ஸ்டூவர்டைச் சிறையிலிட ஆணையிட்டார். இது 1862 நவம்பர் முதல் நாள் நிகழ்ந்தது. மேலதிகாரியைத் தாண்டி மனுக் கொடுப்பது எத்தகைய ஆபத்து என்பது சம்பளத்துக்கு வேலை செய்வோர் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே இவ்வம்மையாரின் செய்கை எனக்குப் போர்க்களத்து வீரத்தினும் பெரிதாய்த் தோன்றுகிறது. அவர்தம் நாட்குறிப்பும் கடிதங்களும் 1980-இல்தான் அச்சேறின.

இத்தகைய துணிவுடைய பெண்ணாலும் ஒரு கயவனைச் சிறைக்கு அனுப்ப முடிந்ததேயன்றி, கட்டடத்தை மாற்ற முடியவில்லை. 1863 ஜனவரி தொடக்கத்தில் இருவருக்கும் இருமலும் காய்ச்சலும் கண்டன. டைபாய்டு நிமோனியா என்று வைத்தியர்கள் பெயரிட்டனர்.

ஆல்காட் அம்மையாரை அவரது அறையிலேயே கிடக்கச் சொன்னார்கள். பிறருடைய கட்டிலைச் சுற்றி ஓடிய அவர், இப்போது தம் கட்டிலில் இருந்து வைத்தியசாலையைப் பார்த்தார். ஜன்னற் கண்ணாடிகள் உடைந்திருந்தன, திரைக்குப் பதில் படுக்கை விரிப்பு தொங்கியது, மெத்தை மெலிந்தது, அலமாரியில் எலியும் பூச்சியும் குடியிருந்தன. கணப்படுப்பு மிகச் சிறிது, விறகோ நீளமானது, எரியும் கட்டையின் பாதி அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தின் நடுவில், நுரையீரலில் நோய் கொண்ட ஒருத்திக்கு அமைந்த இடம் இது. உணவு மூன்று வேளையும் ஒரே வகை மாட்டிறைச்சியும் உலர்ந்த ரொட்டியும் நீர்த்த காப்பியும். இவையெல்லாம் அவர் நல்ல உடலோடு இருந்தபோதும் இருந்தவையே. அப்போது நகைப்புக்கிடமாயிருந்தவை இப்போது உயிருக்கு உலையாயின.

யாரும் அவரிடம் கொடுமை செய்யவில்லை என்பதையும் மறைக்கலாகாது. ஒரு டாக்டர் அடிக்கடி வந்து பார்த்தார். தம் கையாலேயே விறகு கொண்டுவந்தார். படிக்கப் புத்தகம் தந்தார். உடன்பணி செய்த தாதியரும் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் வந்தனர். டிக்ஸ் அம்மையார் தேயிலை, திராட்சை மது, சிறு கம்பளி, தலையணை முதலியவற்றைக் கூடையில் இட்டுக் கொண்டுவந்தார். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் தாதி நோயுற்றால் அவளைக் கவனிப்பது இன்னாருடைய கடமை என்று அவ்வைத்தியசாலையில் யாருக்கும் வகுக்கப்படவில்லை. கடமையாக வராத அன்பு, நேரம் கிடைத்தபோது வரும், கிடைக்காதபோது வராது.

மருந்தாக வந்தது காலோமல். இது பாதரசமும் குளோரினும் சேர்ந்த உப்பு. நம் சித்த வைத்தியர் பூரம் என்று வழங்குவது. அக்காலத்து வைத்தியர் காய்ச்சலுக்கும் பேதிக்கும் நிமோனியாவுக்கும் இதனையே கொடுத்தனர். எச்சில் ஆறாய் ஒழுகி ஈறு வீங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்தனர். உண்மையில் அது நஞ்சு ஏறியதன் அடையாளம். மேரிலாந்தைச் சேர்ந்த ஒரு சிப்பாய் அதே 1862-இல் நிமோனியாவுக்கு இதனை உட்கொண்டு, முகத்தின் ஒரு பகுதியே அழுகி விழ, பின்னர்ப் பல சத்திர சிகிச்சைகளால் முகம் அமைக்கப் பெற்றான். வைத்தியர் தந்தால் விழுங்க வேண்டியதே என்று தாதியும் விழுங்கினார். துரை சொன்னால் சரி, டாக்டர் சொன்னால் சரி என்று தலைமுறை தலைமுறையாய்ப் பழகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

நோய் முற்றியது. தம் நோயையும் பொருட்படுத்தாத ரோப்ஸ் அம்மையார், இவரைக் கேளாமலே தந்தையாருக்குத் தந்தியடிக்கச் செய்தார். ஜனவரி 16-ஆம் நாள் தந்தையார் அறைக்குள் நுழைந்தபோது மகளுக்கு முதலில் வந்தது கோபமே. மூன்று மாதத்துக்கு ஒப்பிப் பணியை இடையில் விட்டுப் போவது அவருக்கு மானக்கேடாய்த் தோன்றியது; போகமாட்டேன் என்று சில நாள் மறுத்தார். 20-ஆம் நாள் ரோப்ஸ் அம்மையார் உயிர் நீத்தார். மறுநாள் ஆல்காட் அம்மையாரைப் புகைவண்டியில் ஏற்றினார்கள். தந்தியடிக்கச் செய்தவர் மாண்டார். அந்தத் தந்தியால் மற்றவர் வீடு சேர்ந்தார்.

கான்கார்டு ஊரிலிருந்த வீட்டை 24-ஆம் நாள் அடைந்தபின் ஏறக்குறைய மூன்று வாரம் சித்தப்பிரமை. தாம் இலட்சக்கணக்கான நோயாளிகளுக்குத் தொண்டு செய்வதாகவும் அவர்களில் ஒருவரும் சாவதோ குணமாவதோ இல்லையென்றும் மயக்கத்தில் கண்டார். பணி படுக்கை வரை தொடர்ந்து வந்த கொடுமையை இதைவிட யார் சொல்ல இயலும்? நீண்ட கூந்தலை வைத்தியர் கட்டளைப்படி மழித்துவிட்டார்கள். எழுந்து நடமாட வசந்தகாலம் ஆயிற்று.

எழுந்தவர் வாளாவிருக்கவில்லை. வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் திருத்தி, 'ஆஸ்பத்திரிச் சித்திரங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் 1863 மே, ஜூன் மாதங்களில் பாஸ்டனின் அடிமை எதிர்ப்புப் பத்திரிகையொன்றில் வெளியிட்டார். ஆகஸ்டில் அது நூலாயிற்று. நகைச்சுவை நிரம்பிய நூல். ஆயினும் வைத்தியசாலையின் குழப்பத்தையும், சில வைத்தியர்கள் மனிதனை மறந்து காயத்தை மட்டும் கண்டதையும் அதில் மறைக்கவில்லை. சிலர் இவ்வளவு கேலி தகாது என்று குறை கூறினர். கேலியாக எழுதியிராவிட்டால் அதை எத்தனை பேர் படித்திருப்பர் என்பது என் ஐயம்.

அதே 1863 மே 4-ஆம் நாள், இராணுவ வைத்தியத் தலைவர் ஹாமண்டு ஒரு சுற்றறிக்கை விடுத்துக் காலோமலை இராணுவ மருந்துப் பட்டியலினின்று நீக்கினார். வைத்திய உலகம் கொதித்தெழுந்தது. பாட்டன் காலத்து மருந்தைத் தடுக்க இவர் யார் என்றனர். மதத்தில் மட்டுமா மூடப்பழக்கம் உண்டு? 1864 ஆகஸ்டில் ஹாமண்டு இராணுவ விசாரணையின் முடிவில் பதவி நீக்கப்பட்டார். குற்றச்சாட்டு, சரக்குக் கொள்முதலில் முறைகேடு என்பது. அவர் குற்றமற்றவர் என்று பிற்காலத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தடை வந்த நாளில் ஆல்காட் அம்மையார் உட்கொண்டு மூன்று மாதத்துக்கு மேலாகியிருந்தது.

அவர் முன்போல ஆகவேயில்லை. கால்வலி, தலைவலி, தூக்கமின்மை ஆகியவை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தன. 1870-இல் பிரான்ஸ் நாட்டில் இருந்தபோது, இந்தியாவில் இராணுவ வைத்தியராயிருந்த கேன் என்னும் ஆங்கிலேயர் இவரைச் சோதித்து, வாஷிங்டனில் கொடுத்த காலோமலே காரணம் என்றார். இந்தியக் காட்டுக் காய்ச்சலுக்காகத் தாமும் அதை உண்டு, அதன் தீங்கு தம்மை விட்டு நீங்கவில்லை என்றும் சொன்னார். அம்மையார் இதனை இறுதிவரை நம்பினார். அண்மைக் காலத்து ஆராய்ச்சி வேறு விதமாய்க் கூறுகிறது. 2007-இல் இரண்டு ஆராய்ச்சியாளர், அவர்தம் நோய்க்குறிகள் பாதரசத்தைவிட, உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் லூபஸ் என்ற நோய்க்கு அதிகம் பொருந்தும் என்று எழுதினர். எது மெய்யாயினும் காலோமல் டைபாய்டைத் தீர்க்கவல்லதன்று என்பதில் ஐயமில்லை.

டைபாய்டைத் தீர்க்கவல்ல மருந்து எங்கே மெய்ப்பிக்கப்பட்டது என்பதை நம்மவரிற் பலர் அறியார். 1948-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திற்கு வந்த அமெரிக்க வைத்தியக் குழுவினர், உண்ணிக் காய்ச்சலுக்குக் குளோரோமைசெட்டின் என்ற புதிய மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தனர். உண்ணிக் காய்ச்சல் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்டவருள் டைபாய்டு கண்டவரும் இருந்தது பின்னர்த் தெரிந்தது, அவர் குணமானார். அதன்பின் டைபாய்டு நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்து, பத்துப் பேரைப் பற்றிய முதல் அறிக்கையை அவ்வாண்டே வெளியிட்டனர். ஜார்ஜ்டவுனில் இரு தாதியரை வீழ்த்திய காய்ச்சலுக்கு 85 ஆண்டுகள் கழித்து நம் கோலாலம்பூரில் மாற்றுக் கிடைத்தது.

ஆல்காட் அம்மையார் 1888 மார்ச் 6-ஆம் நாள், தந்தையார் இறந்த இரண்டாம் நாள், 55-ஆம் வயதில் காலமானார். உள்நாட்டுப் போரில் பணியாற்றிய தாதியருக்கு மாதம் 12 டாலர் உபகாரச் சம்பளம் வழங்க 1892 ஆகஸ்டில் அமெரிக்கச் சட்டசபை சட்டம் இயற்றியது. ஆறு மாதத்திற்குக் குறையாமல் பணி செய்திருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ரோப்ஸ் அம்மையார் ஆறு மாதத்திற்கு மேல் பணி செய்தவர்; அவர் இறந்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆல்காட் அம்மையார் உயிரோடிருந்தாலும் அச்சட்டத்தின் கீழ் ஒரு காசும் பெற்றிருக்க இயலாது. அவர் நோயில் வீழ்வதற்கு முன்னும் பின்னுமாக அவ்வைத்தியசாலையில் இருந்தது ஏறக்குறைய ஆறு வாரமே.